ஐந்து சென்டிமீட்டர் பித்தளை

மார்ச் 3

நிலாத் தொலைவு அளவீட்டு நிலையத்தின் தலைவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு உறையின் மேல் அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்து போய்க் கையைக் கழுவினேன். அன்று அது நான்காவது முறை. முதல் மூன்றும் மீனுக்காக.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். மீன் சந்தையில் இருக்கிறேன். தாங்கள் வேலை செய்யும் அதே அளவீட்டுத் துறைதான், அதன் மறுமுனை. காலை ஏழு மணிக்கு எடைக்கற்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறேன். ஒவ்வொரு தராசின் தட்டிலும் ஒரு கிலோ கல்லை வைத்து, எண் சரியாக இருந்தால் முத்திரை குத்துகிறேன். தட்டில் செதில் அப்பியிருக்கும். எண் தெரிகிற கண்ணாடியில் குடல் காய்ந்து ஒட்டியிருக்கும். சுரண்டினால்தான் ஐந்தா ஆறா என்று சொல்ல முடியும். தரையில் ஓடும் தண்ணீரின் நிறத்துக்கு என்னிடம் சொல் இல்லை. இடது கையால் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு வலது கையால் வேலை பார்க்கிறேன். அதனால் அங்கே எனக்கு "மூக்குத்துணி சார்" என்று பெயர்.

போன வாரம் ஒரு மீன்காரி, என் காதில் விழட்டும் என்றே பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னாள்: "இவரு தராச எங்கடி பாக்குறாரு, எப்ப வெளிய ஓடலாம்னு வாசலயில்ல பாக்குறாரு." அவள் தராசு இருபது கிராம் கூடக் காட்டியது. வழக்கு எழுதிச் சீட்டைக் கையில் கொடுத்தேன்.

இந்த மூக்குத்துணிக்காரன்தான், நிலாவுக்குப் போய்த் திரும்பும் ஒளியின் இரண்டரை நொடிப் பயணத்தை, நொடியின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு வரை அளந்தவன்.

இனி தங்கள் கோரிக்கை. என் நீலக் குறிப்பேடு வேண்டும், கேபிளில் அகப்பட்ட அந்தப் பித்தளைத் துண்டு எந்த நாளில் மாட்டப்பட்டது என்பது அதில் இருக்கும் என்கிறீர்கள். இருக்கும். யார் மாட்டினார் என்பதும் இருக்கும். அதைப் பற்றி மட்டும் தங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. நாள் வேண்டும், ஆள் வேண்டாம். காறித் துப்பிய வாசலிலேயே வந்து தண்ணீர் கேட்பது போல இருக்கிறது.

குறிப்பேடு பரணில் கிடக்கிறது. அங்கேயே கிடக்கும்.

என் தங்கையை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
எடை அளவு ஆய்வாளர்


மார்ச் 8

அன்புள்ள மச்சான்,

நீ "தாங்கள்" போட்டு எழுதியதைப் பார்த்து உன் தங்கை சிரித்தாள். "அண்ணனுக்கு இன்னும் கோவம் இருக்கு. நல்லதுதான். ஒண்ணுமே எழுதாம விட்டிருந்தாதான் நான் பயந்திருப்பேன்" என்றாள். பிறகு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். நெடுநேரம் நறுக்கினாள்.

போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய் என்பதால்தான் காகிதம். ஏன் இவ்வளவு அவசரம் என்பதை முன் கடிதத்தில் சரியாகச் சொல்லவில்லை. எல்லா நாட்டு நிலையங்களின் எண்களையும் சேர்த்து ஒரே தொகுப்பாகப் போடுகிறார்கள். நிலா எவ்வளவு விலகியது, எந்த வேகத்தில் விலகுகிறது என்று இனி யார் கணக்குப் போட்டாலும் அதை வைத்துத்தான். நம் நிலையத்தின் எண்களில் சுத்தமானவை நீயும் நானும் எடுத்த அந்த நான்கு ஆண்டுகள். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் அளவீடுகள். அவற்றைச் சேர்க்கலாமா என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். மார்ச் 31 கடைசி நாள்.

துண்டின் நீளம் ஐந்து சென்டிமீட்டர். திரும்பி வந்த ஒளியின் சமிக்ஞை அதையும் கடந்து வர வேண்டியிருந்ததால், கம்பியில் அதன் வேகக் குறைவையும் போய்வரும் தூரத்தில் பாதியையும் கணக்கிட்டபோது, நிலா ஏறத்தாழ மூன்று புள்ளி எட்டு சென்டிமீட்டர் கூடுதல் தொலைவில் இருப்பதாகக் காட்டியது. நிலா ஒரு வருடத்தில் நம்மை விட்டு விலகுவதும் அவ்வளவுதான். உனக்குத் தெரியாததா, எனக்குச் சொல்லித் தந்தவனே நீ. தூரம் தெரிந்த பக்கத்துக் கம்பத்தைக் குறிவைத்து நாம் செய்த சோதனைக்கு வேறு கேபிள். அதனால் அதிலும் பிடிபடவில்லை. மாட்டிய நாள் தெரிந்தால், அதற்குப் பிறகு வந்த எண்களில் மட்டும் அந்த அளவைக் கழித்துவிடலாம். தெரியாவிட்டால் நான்கு ஆண்டுகளையும் தூக்கிப் போட வேண்டும்.

அந்தக் காலத்தில் உனக்கு நாங்கள் வைத்த பெயர் நினைவிருக்கிறதா? சித்திரகுப்தன். யார் எத்தனை நிமிடம் தாமதமாக வந்தார், யார் மேசையில் டீ சிந்தினார், எல்லாம் அந்த நீல நோட்டில் மணியோடு ஏறிவிடும். யாராவது ஒருவர் துண்டை மாட்டியிருந்தால் அது உன் கண்ணுக்குத் தப்பியிருக்காது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நிலா இன்று விலகும் வேகத்தையே வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் அது பூமியோடு ஒட்டிக் கிடந்திருக்க வேண்டும். ஆனால் அதன் வயது அதைப்போல மூன்று மடங்கு. கடல்களின் வடிவம் மாற மாற, நிலாவை விலக்கும் அலையேற்றத்தின் இழுவையும் மாறியிருக்கிறது. எப்போதும் இதே வேகத்தில் விலகவில்லை. நாம் இருவரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன்,
மாப்பிள்ளை


மார்ச் 12

தலைவர் அவர்களுக்கு,

தங்கள் கடைசிப் பத்தியைப் படித்து எனக்குக் குமட்டியது. சந்தையில்கூட அப்படிக் குமட்டியதில்லை. நிலாவைக் காட்டிச் சோறூட்டுகிறவர்கள் செய்யட்டும், காதலிக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் செய்யட்டும். அதன் தொலைவை அளந்து சம்பளம் வாங்கியவர் அதை எடுத்து உறவுக்கு உவமை செய்வது, தராசுத் தட்டில் மூக்கைச் சிந்துவதற்குச் சமம்.

நிலா ஒவ்வொரு மாதமும் நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கிட்டே வந்து எட்டப் போகிறது. அதை யாரும் கண்டுகொள்வதில்லை. கிட்டே வரும் நாளில் முழுநிலாவாகவும் இருந்துவிட்டால், செய்தித்தாளில் பெருநிலா என்று அரைப்பக்கப் படம். எங்கள் அலுவலக எழுத்தர் அன்று மொட்டைமாடியில் நின்று தன் முகத்தோடு சேர்த்து நிலாவைப் படம் எடுத்து, மறுநாள் எல்லார் மேசைக்கும் கொண்டுவந்து காட்டினார். அவர் மூக்கு நிலாவைவிடப் பெரிதாக இருந்தது. அந்த நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஆட்டத்துக்குள்ளே ஒளிந்திருக்கும் மூன்று புள்ளி எட்டு சென்டிமீட்டரைப் பிடிக்க இருபத்தேழு வயதில் உள்ளே போனேன். நாற்பத்தெட்டு வயதில் அதே மூன்று புள்ளி எட்டு சென்டிமீட்டருக்காக வெளியே தள்ளப்பட்டேன்.

துண்டு அகப்பட்டபின் நடந்த விசாரணை நாளை நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. மூன்று பேர், நீள மேசை, நடுவில் பிஸ்கட் தட்டு. கேபிள் வேலை யாருடையது என்று கேட்டார்கள். நீங்கள் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டு, "கேபிள் எல்லாம் அவர் பொறுப்புதான் சார்" என்றீர்கள். அவர். பள்ளிக்கூடத்திலிருந்து "டேய்" என்று கூப்பிட்டவனுக்கு, தங்கையைக் கட்டிக்கொடுத்தவனுக்கு, அந்த அறையில் திடீரென்று ஒரு மரியாதை. பிறகு பிஸ்கட்டை எடுத்துத் தின்றீர்கள். அன்று சாயங்காலம் ஒரே வண்டியில் வீட்டுக்குப் போனோம். உங்கள் மீசையில் துகள் ஒட்டியிருந்தது. சொல்லவில்லை.

குறிப்பேட்டைக் காட்டச் சொன்னார்கள். மறுத்தேன். என் சொல் போதாது என்றால் என் தாள் மட்டும் எப்படிப் போதும்? தவிர, விசாரணைத் தலைவரின் பற்களைப் பற்றி அதில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. அன்று பையில் சுருட்டிக் கட்டியதுதான், இன்றுவரை பிரிக்கவில்லை. பிரித்துப் பார்க்க எனக்கு என்ன அவசியம்? நான் மாட்டவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்த நிலையம் எப்படிப்பட்ட குப்பைமேடாக இருந்தது என்பதும் தெரியும். கூரையின் இடுக்கில் புறாக்கள். தொலைநோக்கியின் மூடியில் வெள்ளை வெள்ளையாக எச்சம். கேபிள் தட்டில் எலி செத்துக் கிடந்தது நினைவிருக்கிறதா? வயிறு உப்பி, அடியில் நீர் கசிந்து, முக்கியக் கேபிள் அதன் மேலேயே கிடந்தது. துப்புரவுக்காரருக்கு மூன்று முறை எழுதினேன். நீ வந்து எட்டிப் பார்த்தாய். "விடு மச்சான், ரெண்டு நாள்ல தானா காஞ்சிடும்" என்றாய். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாய். அந்த ஒரு வாக்கியத்துக்குள் நீ முழுதாக இருக்கிறாய். எது செத்துக் கிடந்தாலும் தானாகக் காய்ந்துவிடும் என்று பதினொரு ஆண்டு காத்திருந்தவன் நீ.

இரண்டு கேபிள்களைச் சேர்க்கும் அந்தத் துண்டை நீதான் மாட்டினாய் என்று அன்றே எனக்குத் தெரியும். அவசரக்காரன் நீ. எழுதி வைக்கும் பழக்கம் உனக்குக் கிடையாது. அங்கே இருந்தது நாம் இருவர்தான். நான் இல்லையென்றால் நீ.

அதை எழுதி, கையெழுத்திட்டு அனுப்பு. அது வந்தால் தேதி வரும். வராவிட்டால் ஆயிரத்து நூறு எண்களும் என் பரணில் கரப்பான்பூச்சிக்கு.

எடை அளவு ஆய்வாளர்


மார்ச் 16

மச்சான்,

நீ கேட்டதை எழுதுகிறேன்.

அந்தப் பித்தளைத் துண்டை மாட்டியவன் நான். ஒரு நாள் பிற்பகல், நீ விடுப்பில் இருந்தபோது, கேபிள் எட்டவில்லை. கருவி அலமாரியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து மாட்டினேன். பதிவேட்டில் எழுத மறந்துவிட்டேன். விசாரணையில் சொல்லத் துணிவு வரவில்லை. நாள் நினைவில்லை.

இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். மேலிடத்துக்கு நகல் அனுப்ப வேண்டும் என்றால் சொல், அனுப்புகிறேன். ஜூனில் ஓய்வு பெறுகிறேன். அதற்கு முன் சொல்லிவிடு.

இனி தேதியை அனுப்பு.

தலைவர், நிலாத் தொலைவு அளவீட்டு நிலையம்
(அலுவலக முத்திரையும் வைத்திருக்கிறேன்.)


மார்ச் 19

தலைவர் அவர்களுக்கு,

வந்தது. நான்கு முறை படித்தேன். முத்திரை கோணலாக விழுந்திருக்கிறது.

பதினொரு ஆண்டுகளாக இப்படி ஒரு தாளுக்குக் காத்திருந்தேன். வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன். அலுவலகத்தில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்க வேண்டும், எழுத்தர் படிக்க வேண்டும், "அடடா சார்" என்று சொல்ல வேண்டும். எடுத்துக்கொண்டு போனேன். அவர் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, விரலை நக்கியபடி, "என்ன சார், பிரமோஷனா?" என்றார். தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்த விரல் அதன் மேல் படுவதை என்னால் பொறுக்க முடியாது.

மகிழ்ச்சி என்று ஒன்று வரும் என நினைத்திருந்தேன். புளித்த ஏப்பம்தான் வந்தது.

சொன்ன சொல் தவற மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுகிறேன்.

எ.அ. ஆய்வாளர்


மார்ச் 26

மச்சான்,

ஞாயிறு போய் மூன்று நாளாகிறது. தபாலில் ஒன்றும் வரவில்லை. இன்னும் ஐந்து நாள்தான்.

நான் எழுதிக் கொடுத்ததை உன் தங்கையிடம் சொல்லவில்லை. "அண்ணன் அனுப்பும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இன்று பிற்பகல் வெயிலிலேயே நிலா தெரிந்தது. ஒரு மணி நேரம் ஒளி அனுப்பினோம். துடிப்புக்குத் துடிப்பு கோடானுகோடி ஒளித்துகள் போயின. திரும்பி வந்தவை மொத்தம் பதினேழு. நீ இருந்தால், பதினேழா, எண்ணத் தெரியுமா உனக்கு, பதினாறுதான் என்று சண்டை போட்டிருப்பாய்.

உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

மாப்பிள்ளை


மார்ச் 28, விரைவுத் தபால்

மாப்பிள்ளை,

உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏறினேன். பையைப் பிரித்தபோது கரப்பான் முட்டைகள் மடியில் கொட்டின. அட்டை முழுவதும் பூஞ்சை. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கத்தியை விட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது. உன் பெயரைத் தேடிப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. மூக்கைக் குடைந்தது, செருப்போடு கருவி அறைக்குள் வந்தது, என் பேனாவைக் கடித்தது. அந்தத் துண்டு மட்டும் இல்லை. பிறகு எலியைப் பற்றிய பக்கம் வந்தது. இத்துடன் இருக்கிறது. கையெழுத்து கலங்கியிருப்பதால் வேண்டிய வரிகளை இங்கே பெயர்த்து எழுதுகிறேன்.

"மூன்றாம் ஆண்டு, செப்டம்பர் 14. மாலை 4.20. எலி இன்னும் கிடக்கிறது. இன்றோடு இரண்டாம் நாள். கேபிளில் அதன் நீர் ஒழுகுகிறது. மாப்பிள்ளை என்னும் மகா சோம்பேறி தானாகக் காயுமாம் என்கிறான். அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்தாலும் இதையேதான் சொல்வான். அந்தத் தட்டில் கை வைக்க எனக்கு வாந்தி வருகிறது. கேபிளை உருவித் துடைத்து, மேல் வழியாகச் சுற்றி எடுத்தேன். விரல் நீளம் எட்டவில்லை. அலமாரியிலிருந்து பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்துச் சேர்த்தேன். எலியை எடுத்ததும் பழையபடி மாற்ற வேண்டும். துப்புரவுக்காரரைப் பற்றி மேலிடத்துக்கு எழுத வேண்டும்."

துப்புரவுக்காரரைப் பற்றி மேலிடத்துக்கு எழுதினேன். நன்றாக நினைவிருக்கிறது, இரண்டு பக்கம். பழையபடி மாற்றியதாக எங்கும் இல்லை. அன்றைய அலுவலகப் பதிவேட்டில் என்ன எழுதினேன் என்று நீ எடுத்துப் பார்க்கலாம், எனக்கு மனப்பாடம்: "எலி. மூன்றாவது புகார்." அவ்வளவுதான். எலி ஏறியது, கோபம் ஏறியது, துண்டு ஏறவில்லை. நிலாவை ஒரு வருடத் தூரம் தள்ளி வைத்தவன், செத்த எலியைத் தொடக் கூசிய நான்.

நான்கு நாள் அந்தப் பக்கத்தைப் பிரித்தும் மூடியும் பார்த்தேன். கிழித்து அடுப்பில் போட்டால் யாருக்குத் தெரியும்? உன் வாக்குமூலம் முத்திரையோடு என் கையில் இருக்கிறது. ஏதாவது ஒரு தேதியைச் சொல்லிவிட்டால் உன் எண்கள் உனக்கு, என் மானம் எனக்கு. செப்டம்பரை ஜனவரி என்று எழுதியும் பார்த்தேன். தப்பான தேதியை வைத்து ஆயிரத்து நூறு எண்களைத் திருத்துவார்களே என்று நினைத்ததும் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டேன். உன்னை மாட்டிவிடுவது மட்டும் எனக்கு உறுத்தவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், நான் எப்படிப்பட்டவன் என்று எழுதி வைக்க இன்னொரு நோட்டு கிடையாது.

இன்னொன்று. நான் விடுப்பில் இருந்தபோது அலமாரியைத் திறந்து எடுத்ததாக எழுதியிருந்தாய். அந்த அலமாரிக்கு ஒரே சாவி. அது எப்போதும் என் இடுப்பில் இருந்தது. விடுப்பிலும் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறேன் என்று நீயே எத்தனை முறை கத்தியிருக்கிறாய். உன் கடிதத்தை முதல் முறை படிக்கும்போதே அந்த இடத்தில் கண் நின்றது. நின்ற கண்ணை நகர்த்திக்கொண்டு மேலே படித்தேன். நான்கு முறையும் அப்படித்தான். அளக்கிற தொழிலில் இருக்கும் நீ, ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது, அலுவலக முத்திரையை வைத்து ஒரு பொய் எழுதியிருக்கிறாய். எண்களுக்காக எழுதினாயா எனக்காகவா என்று கேட்க மாட்டேன். எந்தப் பதில் வந்தாலும் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கும்.

விசாரணையில் நீ சொன்னது உண்மை. கேபிள் என் பொறுப்புதான். பிஸ்கட்டை மட்டும் நீ தின்றிருக்க வேண்டாம்.

பக்கத்தில் உன்னைத் திட்டிய வரிகள் மேல் மை தடவலாம் என்று பேனாவைத் திறந்தேன். அடித்திருந்தால் தொகுப்பவர்கள் சந்தேகப்படுவார்கள் என்று விட்டுவிட்டேன். அவர்களுக்கு அப்படியே காட்டு. மாட்டியவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தால் என் பெயரை முழுதாக எழுது, முதலெழுத்தோடு.

தங்கையிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் என்னைச் சமாதானம் செய்ய வருவாள், அதை என்னால் தாங்க முடியாது. நீயும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்காதே. மன்னிப்பு என்ற வார்த்தையை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்தில் அது நாறியது. வேறு எப்படியாவது எழுத வருகிறதா என்று பார்க்கிறேன். வந்தால் எழுதுகிறேன்.

இன்று காலை கைக்குட்டையை வீட்டில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனேன். அந்த மீன்காரியின் தராசை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தேன். தட்டுக்கு அடியில் ஒரு மீன் தலை சிக்கிக் காய்ந்திருந்தது. பிடுங்கிப் போட்டதும் இருபது கிராமும் போய்விட்டது. "அன்னிக்கே குனிஞ்சு பாத்திருக்கலாம்ல சார்" என்றாள். வழக்குச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நாற்றம் அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஏழு முறை கை கழுவினேன்.

மச்சான்

இணைப்பு: குறிப்பேட்டின் பக்கம் ஒன்று. மார்ச் 16 தேதியிட்ட உன் கடிதம். அதைக் கிழித்துவிடு. நான் இரண்டு முறை முயன்றேன், கை வரவில்லை.